சதுப்பு நிலத்து வண்ணத்துப்பூச்சி: பாதுகாப்பின் பொருளாதாரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குக் கரையோர மாநிலமான வட கரோலினாவில், மணல் மேடுகளும் பைன் மரக் காடுகளும் நிறைந்த பகுதியில் ஃபோர்ட் பிராக் என்னும் ராணுவத் தளம் அமைந்துள்ளது. 1918ஆம் ஆண்டில் பீரங்கிப் பயிற்சிக்கென நிறுவப்பட்ட இத்தளத்தின் பரப்பு ஏறத்தாழ 65,000 ஹெக்டேர். 2023இல் இதன் பெயர் ஃபோர்ட் லிபர்ட்டி என்று மாற்றப்பட்டு, 2025இல் மீண்டும் பழைய பெயரே சூட்டப்பட்டது. பெயர் எதுவாயினும், இத்தளத்தின் எல்லைக்குள் உள்ள சில துண்டுச் சதுப்பு நிலங்களில் மட்டுமே செயின்ட் பிரான்சிஸ் சேட்டிர் என்னும் வண்ணத்துப்பூச்சி வாழ்ந்து வருகிறது. அதன் முழு உலகமும் அவ்வளவே.

இது கண்ணைக் கவரும் பூச்சியன்று. சிறகுகளை விரித்தால் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் அகலம். மங்கிய பழுப்பு நிறம். சிறகின் அடிப்புறத்தில் மஞ்சள் வளையமிட்ட கண் போன்ற புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்கும். கோரைப் புற்களின் நுனியை ஒட்டித் தாழ்வாகப் பறக்கும். நெடுந்தொலைவு செல்லும் ஆற்றல் இதற்கு இல்லை. ஆண்டுக்கு இரு தலைமுறைகள் தோன்றுகின்றன. முதிர்ந்த பூச்சியின் ஆயுள் சில நாள்களே. முட்டையும் புழுவும் கோரையின் பச்சையோடு கலந்து கிடப்பதால், பயிற்சி பெற்ற கண்களுக்கும் எளிதில் அகப்படுவதில்லை. இத்தகைய ஓர் உயிரினத்தைக் காப்பாற்றும் முயற்சியில் கிடைத்த அனுபவம், வளர்ச்சித் திட்டங்களையும் இயற்கைப் பாதுகாப்பையும் ஒருசேர நிர்வகிக்க வேண்டிய நாடுகளுக்குப் பல வகையில் பயனுள்ளது. இங்கே பாதுகாப்பு என்று கருதிச் செய்யப்பட்டதே பூச்சியின் அழிவை விரைவுபடுத்தியது. பீரங்கிக் குண்டுகள் விழும் நிலத்திலோ அது செழித்தது.

மறைவும் மீட்பும்

இப்பூச்சி 1983ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டு, 1989இல் விஞ்ஞான ஏட்டில் முறையாக விவரிக்கப்பட்டது. வடக்கே மிச்சிகன் மாநிலத்தில் 1889 முதலே அறியப்பட்டிருந்த மிட்செல் சேட்டிர் என்னும் வண்ணத்துப்பூச்சியின் துணையினமாக இது வகைப்படுத்தப்பட்டது. விவரிக்கப்பட்ட சிறிது காலத்திற்குள்ளாகவே அறியப்பட்டிருந்த ஒரே இடத்தில் ஒன்றுகூடத் தென்படாமற் போயிற்று. அரிய பூச்சிகளைச் சேகரித்து விற்போர் அவ்விடத்தை மொய்த்ததே காரணம் என்று கருதப்பட்டது. கிடைப்பது அருகுந்தோறும் விலை ஏறும் பண்டங்களுள் உயிரினமும் ஒன்றாகும்போது, சந்தை அதன் அழிவை விரைவுபடுத்தவே செய்யும். மிட்செல் சேட்டிரும் நியூ ஜெர்சி மாநிலத்தில் இவ்வாறே மறைந்தது.

அழிந்துவிட்டதாக எண்ணப்பட்ட பூச்சி, 1992இல் ராணுவத் தளத்தில் நடைபெற்ற கணக்கெடுப்பின்போது மீண்டும் காணப்பட்டது. 1994இல் அவசர நடவடிக்கையாகவும், 1995 ஜனவரியில் நிரந்தரமாகவும், அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டு அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின் கீழ் இதற்குப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. பிடிப்பது குற்றமாயிற்று. பூச்சி வாழும் சதுப்புகளுக்குள் தேவையின்றி எவரும் நுழையலாகாது, அங்கே மரமோ புல்லோ வெட்டலாகாது என்பதே அன்றைய பொது அறிவுக்கு ஏற்ற நடைமுறையாக இருந்தது. அரிய பொருளைப் பூட்டி வைப்பது இயல்புதானே.

2002ஆம் ஆண்டு முதல் நிக் ஹடாட் என்னும் உயிரியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் இப்பூச்சிகளை ஆண்டுதோறும் எண்ணி வந்தனர். எண்ணிக்கை தந்த செய்தி எதிர்பார்ப்புக்கு மாறானது. பூட்டி வைக்கப்பட்ட சதுப்புகளில் பூச்சிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. ஒவ்வோர் இடமாக அவை மறைந்தும் போயின. சேகரிப்போர் எவரும் அங்கே நுழையவில்லை. நிலம் விற்கப்படவில்லை, நீர் மாசுபடவில்லை. அங்கே எதுவும் நிகழாமல் இருந்ததே குறையாக இருந்தது.

இதற்கிடையில், வெடிக்காத குண்டுகள் புதைந்து கிடப்பதால் எவருக்கும் அனுமதி இல்லாத பீரங்கி இலக்குப் பகுதிக்குள், ராணுவத்தின் சிறப்பு அனுமதியுடன் ஆய்வாளர்கள் சென்று பார்த்தனர். இப்பூச்சியின் வளமான கூட்டங்கள் அங்கேதான் இருந்தன.

அணை கட்டும் விலங்கும் காட்டுத் தீயும்

இதன் காரணத்தை அறிய, கோரைச் சதுப்பு எவ்வாறு உருவாகிறது என்பதைக் காண வேண்டும். இப்பூச்சியின் புழு உண்பது கோரை இனத்தைச் சேர்ந்த புல்லை. கோரைக்கு ஈரம் வேண்டும், ஆனால் ஆழமான நீர் ஆகாது. வெயில் வேண்டும், மர நிழல் ஆகாது. வட கரோலினாவின் மணற்பாங்கான நிலத்தில் இந்த இரண்டும் ஒருங்கே அமையும் இடங்கள் தாமாக நிலைத்திருப்பதில்லை. அவற்றை உண்டாக்கி வந்தவை இரண்டு சக்திகள்.

முதலாவது, பீவர் என்னும் விலங்கு. ஓடைக் கரையிலுள்ள மரங்களைப் பற்களால் கொறித்து வீழ்த்தி, கிளைகளையும் சேற்றையும் கொண்டு ஓடைக்குக் குறுக்கே அணை கட்டுவது இதன் வழக்கம். அணைக்குப் பின்னே குளம் தேங்குகிறது. வேர் அழுகிக் கரையோர மரங்கள் பட்டுப்போகின்றன. அருகிலுள்ள உணவு தீர்ந்ததும் பீவர் குடும்பம் வேறு ஓடைக்குப் பெயர்கிறது. பராமரிப்பற்ற அணை உடைந்து நீர் வடிய, மரமற்ற, சேறு படிந்த, வெயில் படும் நிலம் எஞ்சுகிறது. கோரை முளைப்பது அங்கேதான். வண்ணத்துப்பூச்சி வந்து குடியேறுவதும் அப்போதுதான். ஆனால் அந்நிலை நீடிப்பதில்லை. சில ஆண்டுகளில் புதர்களும், அவற்றைத் தொடர்ந்து மேப்பிள் போன்ற அகன்ற இலை மரங்களும் வளர்ந்து நிழல் பரப்புகின்றன; கோரை மெலிகிறது; பூச்சி மறைகிறது. அதற்குள் பக்கத்து ஓடையில் வேறொரு பீவர் குளம் வடிந்திருந்தால், பூச்சிகள் அங்கே இடம்பெயரலாம். பக்கத்தில் அப்படியோர் இடம் இல்லையெனில் அக்கூட்டத்தின் கதை முடிந்துவிடுகிறது.

தோலுக்காக வேட்டையாடப்பட்டு, 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வட கரோலினாவில் பீவர் இனம் இல்லாமற் போயிற்று. 1939ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவிலிருந்து சில பீவர்கள் கொண்டுவரப்பட்டு இதே மணல் மேட்டுப் பகுதியில் விடப்பட்டன; இன்று மாநிலமெங்கும் பரவியுள்ளன. ஆயினும் சாலையையும் மரத்தோட்டத்தையும் நீரில் மூழ்கடிக்கும் விலங்கு என்பதால், மனிதர் நடமாடும் இடங்களில் அணையை உடைப்பதும் விலங்கை அகற்றுவதும் வழக்கமாகிவிட்டது.

இரண்டாவது சக்தி தீ. இப்பகுதியின் நெடிய ஊசியிலைப் பைன் காடுகள் மின்னலாலும் பழங்குடி மக்களாலும் அடிக்கடி தீப்பற்றி எரிந்து வந்தவை. தாழ்ந்து பரவும் இத்தீ பைன் மரங்களை அழிக்காது. அடியில் வளரும் புதர்களையே எரிக்கும். ஓடையோரச் சதுப்புக்குள்ளும் அவ்வப்போது இறங்கி இளமரங்களைப் பொசுக்கும். இருபதாம் நூற்றாண்டில் தீயணைப்பு வனத்துறையின் தலையாய கடமையாக அமைந்தபோது இந்தச் செயல்முறை நின்றது.

பீரங்கி இலக்குப் பகுதியில் இரண்டு சக்திகளும் தடையின்றி இயங்கின. குண்டுகளாலும் வெளிச்ச வாணங்களாலும் அடிக்கடி தீப்பிடித்தது. அணைக்க எவரும் உள்ளே செல்ல இயலாது. பீவர் அணையை உடைக்கவும் எவரும் இல்லை. இயற்கை ஒரு காலத்தில் செய்து வந்த வேலையை, அத்தகைய நோக்கம் ஏதுமின்றி, ராணுவப் பயிற்சி செய்துகொண்டிருந்தது.

இதில் உள்ள இடர்ப்பாடு கவனிக்கத்தக்கது. தீயில் புழுக்களும் முட்டைகளும் கருகிப் போகின்றன. பீவரின் குளம் அவற்றை மூழ்கடிக்கிறது. அதாவது, இப்பூச்சியின் வாழிடத்தை உண்டாக்கும் சக்திகளே, நிகழும் இடத்தில், இப்பூச்சியைக் கொல்லவும் செய்கின்றன. எஞ்சியிருப்பவை சில ஆயிரத்திற்கும் குறைவு என்னும் நிலையில், அவற்றுள் ஒரு பகுதி மடியும் என்று தெரிந்தே ஒரு செயலில் இறங்க எந்த அதிகாரியும் தயங்குவார். சட்டமும் அத்தயக்கத்தின் பக்கமே நிற்கிறது. ஒரு பூச்சியைக் கொன்றவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தலாம். எதுவும் செய்யாமல் ஒரு கூட்டம் முழுவதையும் மறைய விட்டவரை நிறுத்த எந்தப் பிரிவும் இல்லை.

ஆயினும் தயக்கம் விலகியது. 2011ஆம் ஆண்டில் தளத்தின் சில ஓடையோரப் பகுதிகளில் சோதனை தொடங்கப்பட்டது. சில இடங்களில் மரங்கள் வெட்டி அகற்றப்பட்டன. சில இடங்களில் செயற்கைத் தடுப்பணைகளால் நீர் தேக்கப்பட்டது. வேறு சிலவற்றில் இரண்டும் செய்யப்பட்டன. ஒப்பு நோக்குவதற்காகச் சில இடங்கள் தொடாமல் விடப்பட்டன. மரம் நீக்கமும் நீர்த் தேக்கமும் சேர்ந்த இடங்களில் கோரை பெருகியது, வண்ணத்துப்பூச்சிகளும் திரும்பின. பசுமைக் கூடத்தில் வளர்க்கப்பட்ட பூச்சிகள் புதிதாகச் சீரமைக்கப்பட்ட சதுப்புகளில் விடப்பட்டன. தீ மூட்டும்போது ஒரு சதுப்பு முழுவதையும் ஒரே சமயத்தில் எரிக்காமல், எரியாத பகுதியிலிருந்து பூச்சிகள் மீண்டும் பரவ வழி செய்ய வேண்டும் என்பதும் தெளிவாயிற்று.

இருப்பும் ஓட்டமும்

பொருளியல் மாணவர்களுக்கு இருப்பு, ஓட்டம் என்னும் வேறுபாடு முதலாண்டிலேயே கற்பிக்கப்படுகிறது. தொட்டியில் உள்ள நீர் இருப்பு. குழாயில் வந்து வடிகாலில் போவது ஓட்டம். கோரைச் சதுப்பை ஒரு கட்டடம்போல, சுற்றிலும் வேலி கட்டிவிட்டால் நிலைத்திருக்கும் இருப்பாகக் கருதியதே வட கரோலினாவில் நிகழ்ந்த பிழை. உண்மையில் அது ஓர் ஓட்டத்தின் நடுப்பகுதி. ஒரு சதுப்பு புதராகும் வேகத்தில் மற்றொரு சதுப்பு பிறந்துகொண்டிருந்தால்தான் மொத்தப் பரப்பு குறையாது. புதியது பிறப்பதை நிறுத்திவிட்டுப் பழையதைக் காவல் காப்பது, தேய்மானத்திற்கு ஒதுக்கீடு செய்யாமல் ஆலையை நடத்துவதற்கு ஒப்பாகும். சில ஆண்டுகள் கணக்கு நன்றாகவே தோன்றும்.

செலவின் தன்மையும் இதனால் மாறுகிறது. வேலியும் அறிவிப்புப் பலகையும் ஒருமுறை செய்யும் மூலதனச் செலவு. மரம் நீக்குவதும் நீர் தேக்குவதும் தீ மூட்டுவதும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய நடைமுறைச் செலவு. அதற்குத் திறப்பு விழா இல்லை, கல்வெட்டும் இல்லை. ஃபோர்ட் பிராக்கில் இச்செலவை ஏற்க ராணுவம் முன்வந்ததற்குப் பூச்சியின்பால் கொண்ட அன்பு மட்டும் காரணமன்று. அருகிவரும் உயிரினத்திற்கு ஊறு நேராதபடி நடந்துகொள்ள ஒவ்வொரு மத்திய அரசுத் துறையையும் அந்நாட்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. தவறினால் பயிற்சிக்கே தடை வரலாம். 1990ஆம் ஆண்டை ஒட்டி, இதே தளத்தில் செங்கொண்டை மரங்கொத்தி என்னும் பறவையின் பொருட்டு அத்தகைய கட்டுப்பாடுகள் வந்ததுண்டு.

அம்மரங்கொத்தியின் வரலாறு தனியார் நிலம் பற்றிய ஒரு படிப்பினையையும் தருகிறது. முதிர்ந்த பைன் மரத்தில் மட்டுமே அது பொந்து குடையும். பறவை குடியேறினால் மரம் வெட்ட இயலாது என்பதால், மரங்கள் முதிர்வதற்கு முன்பே நில உடைமையாளர்கள் அவற்றை வெட்டி விற்றனர். 2003ஆம் ஆண்டில் வெளியான பொருளியல் ஆய்வொன்று வட கரோலினாவில் இப்போக்கைப் புள்ளிவிவரங்களுடன் காட்டியது. இதற்கு மாற்றாக 1995ஆம் ஆண்டிலேயே இப்பகுதியில் ஒரு புது ஏற்பாடு நடைமுறைக்கு வந்திருந்தது. தம் நிலத்தில் பறவைக்கு ஏற்ற சூழலைத் தாமே முன்வந்து வளர்ப்பவர்மீது, அதன் பயனாகப் புதிதாக வரும் பறவைகளைக் காட்டிக் கூடுதல் கட்டுப்பாடு விதிப்பதில்லை என அரசு எழுத்துமூலம் உறுதியளித்தது. நன்மை செய்தவருக்குத் தண்டனை கிடைக்கும் முறை நீங்கியது. அமெரிக்காவில் இத்தகைய ஒப்பந்தம் செய்யப்பட்ட முதல் இடம் இந்த மணல் மேட்டுப் பகுதியே.

பரத்பூரும் லோக்தக்கும்

நமது நாட்டு அனுபவமும் இதனின்றும் வேறுபட்டதன்று. ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பறவைகள் சரணாலயம், ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. பரத்பூர் மன்னர்கள் கரை கட்டி நீர் தேக்கியதால் உருவான, மனிதன் சமைத்த ஈரநிலம் இது. 1938இல் வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்திருந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்ட இடமும் இதுவே. 1981இல் இது ராம்சர் ஒப்பந்தப் பட்டியலில் சேர்ந்தது. பின்னர் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய அனுமதி இல்லை. அதற்கேற்ப 1982 நவம்பரில் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே எருமை மேய்த்துவந்த கிராமத்தினர் எதிர்த்தனர். மோதலும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. அதன் பின்னர் பாஸ்பாலம் என்னும் நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து நீர்ப்பரப்பை மூடத் தொடங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980 முதல் பத்தாண்டுகள் நடத்திய ஆய்வு, இப்புல்லை அடக்கி வைத்திருந்தது எருமைகளின் மேய்ச்சலே என்னும் முடிவுக்கு வந்தது. வட கரோலினாவில் பீவர் செய்த பணியை இங்கே எருமை செய்துவந்தது. பிற்பாடு கிராமத்தினர் உள்ளே வந்து புல் அறுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டனர். அறுவடையும் மேய்ச்சலும் ஒன்றல்ல. ஆயினும் மனித உழைப்பு ஈரநிலத்திற்கு எதிரி என்னும் எண்ணம் தளர்ந்ததற்கு இது அடையாளம். இங்கே உயிர்களை விலையாகக் கொடுத்த பின்பே அது தளர்ந்தது.

மணிப்பூரின் லோக்தக் ஏரியில் இதே உண்மை வேறு வடிவத்தில் தோன்றுகிறது. ஏரியின்மேல் மிதக்கும் தாவரத் திட்டுகளுக்கு ஃபும்டி என்று பெயர். 1977இல் தேசியப் பூங்காவான கெய்புல் லாம்ஜாவோவில், சுமார் 40 சதுர கிலோமீட்டரில், இம்மிதவைகளின்மேல் சங்காய் மான்கள் வாழ்கின்றன. கோடையில் நீர் வற்றும்போது மிதவைகள் தாழ்ந்து ஏரியின் தரையைத் தொடும். வேர்கள் மண்ணிலிருந்து சத்தைப் பெறும். மழைக்காலத்தில் மீண்டும் எழும். 1983இல் நீர்மின் திட்டத்திற்காக இதாய் தடுப்பணை அமைந்த பின் ஏரியில் ஆண்டு முழுவதும் உயர்ந்த நீர்மட்டம் பேணப்படுகிறது. தரையைத் தொட வாய்ப்பில்லாத மிதவைகள் மெலிகின்றன; மானின் எடையைத் தாங்கும் பரப்பு குறைகிறது. 1975இல் 14 ஆக இருந்த மான்களின் எண்ணிக்கை, வேட்டைத் தடுப்பின் பயனாக, 2016இல் 260 ஆக உயர்ந்தது. ஆனால் காவலர்களால் வேட்டையைத் தடுக்க முடியுமேயன்றி நீர்மட்டத்தை இறக்க முடியாது. அது மின் உற்பத்தி அட்டவணையைச் சார்ந்தது. ஏரியை உயர்த்தித் தாழ்த்தும் பருவ மாற்றத்திற்கு ஒரு விலை உண்டு. அவ்விலை மின்சாரக் கணக்கில் எங்கும் எழுதப்படுவதில்லை.

இந்தியா 1982ஆம் ஆண்டு முதல் ராம்சர் ஒப்பந்தத்தில் உறுப்பு நாடு. 2024 ஆகஸ்டில் நமது பட்டியலில் 85 ஈரநிலங்கள் இருந்தன. அவ்வொப்பந்தத்தின் அடிப்படைக் கொள்கை விலக்கி வைத்தல் அன்று, விவேகமான பயன்பாடு. ஈரநிலப் பாதுகாப்புக்கும் ஏரிப் பாதுகாப்புக்கும் தனித்தனியே இருந்த மத்திய திட்டங்கள் 2013இல் ஒன்றாக்கப்பட்டன. செலவை மத்திய அரசும் மாநிலங்களும் 60:40 என்னும் விகிதத்திலும், வடகிழக்கு மாநிலங்களில் 90:10 என்னும் விகிதத்திலும் பகிர்ந்துகொள்கின்றன. இத்தகைய திட்டங்களில் கரை அமைத்தல், வேலியிடுதல், பார்வையாளர் கூடம் கட்டுதல் ஆகியவற்றுக்கு மதிப்பீடு தயாரிப்பது எளிது. அடுத்த இருபதாண்டுகளுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை புல் அறுப்பதற்கான மதிப்பீடு அவ்வாறன்று. அதைத் தணிக்கையாளருக்கு விளக்குவது அதனினும் கடினம்.

தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், காப்புக் காடுகள் முதலியவற்றுக்கு வெளியே உள்ள ஈரநிலங்களுக்கு 2017ஆம் ஆண்டின் ஈரநில (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள் பொருந்தும். அறிவிக்கப்படும் ஒவ்வொரு ஈரநிலத்திற்கும் ஒரு சுருக்க ஆவணம் தயாரிக்கப்பட வேண்டும் என்றும், அங்கே நடைபெறும் செயல்களில் எவற்றை அனுமதிப்பது, எவற்றை ஒழுங்குபடுத்துவது என்று பட்டியலிட வேண்டும் என்றும் விதிகள் கூறுகின்றன. மேய்ச்சல், கோரை அறுத்தல், தாமரைக் கிழங்கு எடுத்தல், கோடையில் நீரை வடித்தல் ஆகியவை எந்தப் பட்டியலில், எந்த மாதங்களுக்கு, எந்த அளவில் இடம்பெற வேண்டும் என்பதை மாநில ஈரநில ஆணையங்கள் இடத்திற்கு இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டியுள்ளது. அதற்கு அந்த ஈரநிலம் கடந்த ஐம்பது ஆண்டுகளில் யாருடைய கையால், எந்தக் கால்நடையின் வாயால் இன்றைய வடிவைப் பெற்றது என்னும் விவரம் முதலில் வேண்டும். அவ்விவரம் பெரும்பாலும் கோப்புகளில் இல்லை. கரையோரக் கிராமங்களில் எருமை மேய்த்தும் பாய்க்கோரை அறுத்தும் முதுமையடைந்தவர்களிடம் இருக்கிறது.